கட்டிக்கும் புற்றுக்கும் நடுவே

மார்பில் கட்டி என்று வரும் பெண்ணிடம் சதை எடுத்துப் பரிசோதித்த பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் சொல்லப்படுகிறது. ஒன்று, "பயப்பட ஒண்ணுமில்லம்மா, சாதாரணக் கட்டி." மற்றது, "புற்றுநோய்." இவை தவிர மூன்றாவதாக ஒரு பதிலும் இருக்கிறது. இப்போது அவருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் எடுத்த சதையில் சில செல்கள் இயல்பு மாறியிருக்கின்றன. வரும் ஆண்டுகளில் இவருக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட நான்கு மடங்கு அளவுக்கு அதிகம். இந்தப் பதிலைப் பெற்ற பெண்ணுக்கு அன்று செய்ய வேண்டிய சிகிச்சை கொஞ்சம்தான். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் செய்ய வேண்டியதுதான் அதிகம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போன்ற கிராம வட்டாரத்தில் நமக்குக் குறைவாக இருப்பது அந்த இருபத்தைந்து ஆண்டுக்கான ஏற்பாடு.

முதலில் இந்த மாற்றங்கள் என்னவென்று பார்ப்போம். மார்பகத்தில் பால் சுரக்கும் சிறு மடல்களும், பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் நாளங்களும் இருக்கின்றன. நாளத்தின் உட்சுவரில் வழக்கமாக இரண்டே அடுக்குச் செல்கள். ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தில் இந்த அடுக்குகள் தடிப்பதும், நீர் கோத்துக்கொள்வதும், நார்த்திசு பெருகுவதும் இயல்பு. பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் வருகிற, விரலுக்குக் கீழே வழுக்கி ஓடும் ஃபைப்ரோஅடினோமா, மாதவிலக்குக்கு முன் கனத்து வலிக்கும் முடிச்சுகள், நீர்க்கட்டிகள் எல்லாம் இந்த வகை. இவற்றில் பெரும்பாலானவற்றால் புற்றுநோய் ஆபத்து கூடுவதில்லை. கூடினாலும் மிகச் சிறிதளவே. சில பெண்களுக்கு நாளத்தின் உள்ளே செல்கள் பல அடுக்காகப் பெருகுகின்றன. அவர்களிலும் சிலருக்குப் பெருகிய செல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலாகி, ஒழுங்கு மாறி நிற்கின்றன. நாளத்தில் இப்படி நேர்ந்தால் அட்டிபிக்கல் டக்டல் ஹைப்பர்பிளேசியா என்றும், மடலில் நேர்ந்தால் அட்டிபிக்கல் லோபுலர் ஹைப்பர்பிளேசியா என்றும் அறிக்கையில் வரும். மூன்றாவது பதில் இதுதான்.

இந்த ஆபத்தை அளந்து சொன்ன முதல் பெரிய ஆய்வு 1985இல் வந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் டேவிட் பேஜ் என்ற நோய்க்குறியியல் மருத்துவரும் வில்லியம் டுபோன்ட் என்ற புள்ளியியலாளரும், மூன்று மருத்துவமனைகளில் முன்னர் எடுத்து "புற்றுநோய் இல்லை" என்று மூடி வைத்திருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சதைப் பரிசோதனைகளின் ஸ்லைடுகளை எடுத்து மறுபடியும் படித்தார்கள். பிறகு அந்தப் பெண்களில் 3,303 பேரைத் தேடிப் பிடித்து, சராசரியாகப் பதினேழு ஆண்டுகளில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பதிவு செய்தார்கள். நூற்றுக்கு எழுபது பேருக்கு ஆபத்து கூடவே இல்லை. இயல்பு மாறிய பெருக்கம் இருந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவே. ஆனால் அவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்து, இந்த மாற்றமும் சேர்ந்தால் பதினோரு மடங்கு.

இந்த ஆய்வு நமக்கு நெருக்கமானது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பெண்கள் மேமோகிராம் பரவலாகாத காலத்தவர்கள். கையில் கட்டி தட்டுப்பட்டு, மருத்துவமனைக்கு வந்து, சதை எடுக்கப்பட்டவர்கள். இன்றைய அமெரிக்காவில் இந்த மாற்றங்கள் மேமோகிராமில் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகளைத் தொடர்ந்துதான் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமப் பெண்ணுக்கோ இன்றும் கட்டியே முதல் தகவல். இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கண்ணாடி ஸ்லைடுகளை யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள். பெண்களின் முகவரியை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். உலகம் முழுதும் இன்று பின்பற்றும் கணக்கு அந்தப் பாதுகாப்பிலிருந்து பிறந்தது.

மேயோ மருத்துவமனையின் லின் ஹார்ட்மன் குழு பின்னர் ஒன்பதாயிரம் பெண்களைத் தொடர்ந்து, நான்கு மடங்குக்குச் சற்று மேல் என்று கணக்கைத் திருத்தியது. இயல்பு மாறிய பெருக்கம் உள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்ததாகவும் 2014இல் அந்தக் குழு எழுதியது. இந்த முப்பதை அப்படியே எடுத்து உத்திரமேரூர்ப் பெண்ணிடம் சொல்வது சரியல்ல. அமெரிக்காவில் எட்டுப் பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. நம் கிராமங்களில் அடிப்படை விகிதமே அதைவிட மிகக் குறைவு. சிறிய எண்ணை நான்கால் பெருக்கினால் வருவதும் அதற்கேற்பச் சிறியதுதான். ஆபத்து கூடியிருக்கிறது, எனினும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வராது என்கிற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் விடக்கூடாது: ஆபத்து கட்டி எடுத்த மார்பில் மட்டும் இல்லை, இரண்டு மார்பிலும் இருக்கிறது. ஆகவே "கட்டியை எடுத்தாச்சு, கதை முடிஞ்சது" என்பது தவறான ஆறுதல்.

இனி அந்த மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். நம் ஊர்களில் வெகுகாலமாக வழக்கத்தில் இருப்பது எஃப்.என்.ஏ.சி., மக்கள் சொல்லில் "ஊசி போட்டு நீர் எடுக்கறது". மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பார்கள். விரைவு, செலவும் குறைவு. முற்றிய புற்றுநோயைக் காட்டிக் கொடுப்பதில் கெட்டிக்காரப் பரிசோதனை. ஆனால் இதில் செல்கள் உதிரி உதிரியாகத்தான் வருகின்றன. நாளத்துக்குள் அவை எப்படி அடுக்கியிருந்தன என்பது தெரியாது. இயல்பு மாறிய பெருக்கத்துக்கும் தொடக்கப் புற்றுக்கும் வேறுபாடு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. எனவே நடுநிலை மாற்றங்களை இந்த ஊசியால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு ட்ரூகட் ஊசி வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே உள்ளே செலுத்தி விசையைத் தட்டினால், தையல் நூலைவிடச் சற்றுத் தடித்த ஒரு சதைத் துண்டு கிடைக்கும். அப்படிச் சில துண்டுகளை உடனே ஃபார்மலினில் போட வேண்டும். அதன்பிறகு பாரஃபின் மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிப் படிக்கிறார்கள்.

அங்கேயும் சிக்கல் தீர்வதில்லை. இயல்பு மாறிய செல்கள் பிடித்திருக்கும் இடம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் அட்டிபிக்கல் ஹைப்பர்பிளேசியா. அதைத் தாண்டினால் டி.சி.ஐ.எஸ்., அதாவது நாளத்தை விட்டு வெளியேறாத தொடக்கப் புற்று. வழக்கமாகக் கையாளப்படும் அளவுகோல்களில் இது ஒன்று. நெல்மணியின் அகலம்கூட இல்லாத இந்த இடைவெளி, ஒரு பெண்ணுக்குக் கண்காணிப்பா அறுவையும் கதிர்வீச்சுமா என்று தீர்மானிக்கிறது. 2015இல் அமெரிக்காவில் ஜோஆன் எல்மோர் குழு 115 நோய்க்குறியியல் மருத்துவர்களிடம் ஸ்லைடுகளைக் கொடுத்துப் பார்த்தது. பரவும் புற்றுநோயில் நூற்றுக்கு 96 முறை நிபுணர் குழுவின் முடிவோடு அவர்கள் ஒத்துப்போனார்கள். இயல்பு மாறிய பெருக்கத்திலோ 48 முறைதான். பாதிக்கும் குறைவு! ஆகவே இப்படி ஓர் அறிக்கை வந்தால் அதே ஸ்லைடை இன்னொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது மருத்துவரை நம்பாததாகாது. அது சிகிச்சையின் முதல் படி.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். நெல், கரும்பு, ஏரிப் பாசனம், தறி, நூறு நாள் வேலை, ஒரகடம் பக்கம் கம்பெனி ஷிஃப்ட் என்று பெண்களின் நாள் நிறைந்திருக்கிறது. கட்டி தட்டுப்பட்டால் வழக்கமாக நடப்பது இப்படி. குளிக்கும்போது தெரிகிறது. யாரிடமும் சொல்வதில்லை. சில மாதம் கழித்து, வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் பேச்சோடு பேச்சாக, "நர்சம்மா, வலியே இல்ல, அது பாட்டுக்கு இருக்குது" என்று சொல்கிறார். "வலி இல்லாததத்தாங்க்கா பாத்தாகணும், நாளைக்கே வாங்க" என்று அவர் அழைக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையம், உத்திரமேரூர் அரசு மருத்துவமனை, பிறகு காஞ்சிபுரம் அல்லது செங்கல்பட்டு. இரண்டுமே முப்பது கிலோமீட்டர் அளவில். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை செங்கல்பட்டில் இருக்கிறது. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது அது புதிய மாவட்டத்தோடு போனது. புற்றுநோய்க்கென்றே தனி அரசு மருத்துவமனை காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில், புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்த அண்ணாவின் பெயரில் இருக்கிறது.

காரப்பேட்டை என்ற பெயரே ஒரு தடையாகிவிடுகிறது. "காரப்பேட்டைக்குப் போகணும்" என்றால் ஊருக்கு அது ஒரே பொருள்தான். கல்யாண வயதுப் பெண் இருக்கும் வீட்டில் அந்த வார்த்தை வெளியே போகக்கூடாது. கூடவே, "ஊசி குத்தினா கட்டி கலைஞ்சு பரவிடும்" என்கிற பயம். ஊசிப் பரிசோதனையால் நோய் முற்றி உயிர்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உலகம் முழுதும் மார்பகக் கட்டிக்கு அறுவைக்கு முன்னதாக ஊசிப் பரிசோதனைதான் முறை. இதை ஒருமுறை சொன்னால் போதாது. பயப்படுகிறவரின் மாமியாருக்கும் கணவருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி சிகிச்சை. ட்ரூகட் பரிசோதனையில் அட்டிபிக்கல் டக்டல் ஹைப்பர்பிளேசியா என்று வந்தால், அந்த இடத்தை முழுதாக எடுத்துப் பார்ப்பதே இன்றும் பொது வழக்கம். ஊசி எடுத்தது ஒரு மூலையை மட்டும். மிச்சத்தில் தொடக்கப் புற்று ஒளிந்திருப்பது நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேருக்குத் தெரியவருகிறது. மடல் வகை மாற்றத்தில் ஸ்கேனும் சதையும் ஒரே கதையைச் சொன்னால் எடுக்காமல் கவனித்து வரலாம். நாளத்துக்குள் வளரும் சிறு பாப்பிலோமா, ரேடியல் ஸ்கார் என்னும் தழும்பு போன்ற மாற்றம் ஆகியவற்றிலும், இயல்பு மாறிய செல்கள் இல்லாதபோது, கத்தியைத் தள்ளிப்போடும் போக்கு வலுத்துவருகிறது. லோபுலர் கார்சினோமா இன் சிட்டு என்று ஒன்று வரும். பெயரில் கார்சினோமா இருந்தாலும், அமெரிக்காவின் புற்றுநோய் நிலை வகைப்படுத்தல் 2018இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில் அதைப் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அந்த அறிக்கையைப் பார்த்துக் குடும்பமே இடிந்து உட்கார வேண்டியதில்லை.

மார்பையே எடுத்துவிடும் யோசனை இந்தக் கட்டத்தில் எங்கிருந்தோ வந்து சேரும். "எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று உறவினர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். திரும்பத் திரும்ப வர வசதியில்லாத ஏழைப் பெண் என்பதால் சில மருத்துவர்களும் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். எனக்கு இது ஏற்கவே முடியாத வாதம். தொடர்ந்து அழைத்துப் பார்க்கும் கடமை ஏற்பாட்டைச் சேர்ந்தது. அது செய்யாததற்குப் பெண் தன் உடலால் ஈடு கட்டக்கூடாது. தொடக்கப் புற்றிலேயே இன்று எவ்வளவு குறைத்துச் செய்யலாம் என்று சோதிக்கிறார்கள். 957 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த காமெட் ஆய்வு, குறைந்த ஆபத்துள்ள டி.சி.ஐ.எஸ். நிலையில் அறுவைக்கென ஒதுக்கப்பட்டவர்களில் 5.9 விழுக்காட்டினருக்கும், கண்காணிப்புக்கென ஒதுக்கப்பட்டவர்களில் 4.2 விழுக்காட்டினருக்கும் இரண்டு ஆண்டுகளில் பரவும் புற்று கண்டதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. இரண்டு ஆண்டு என்பது மிகக் குறுகிய காலம். அங்கே மேமோகிராம் மட்டுமே காட்டிய புள்ளி நோயும், இங்கே கைக்குத் தட்டுப்படும் கட்டியாக வரும் நோயும் ஒன்றல்ல. இதை நம்பி இங்கே யாரும் அறுவையைத் தவிர்க்க முடியாது. ஆனால் புற்று என்றே பெயரிட்டதில் இந்த நிதானம் சாத்தியமானால், புற்றே அல்லாததில் அவசரம் எதற்கு?

மாத்திரை என்று ஒரு வழியும் இருக்கிறது. அதை நம் வட்டாரத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. டமாக்சிஃபென் புதிய மருந்தல்ல. புற்றுநோய்க்கே பல பத்தாண்டுகளாகக் கொடுப்பது, இந்தியாவிலேயே மலிவாகத் தயாராவது. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் வீதம் ஐந்து ஆண்டு சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. இயல்பு மாறிய பெருக்கம் உள்ளவர்களில் 86 விழுக்காடு குறைந்தது. சூடு பரவுதல், ரத்தக்கட்டு, ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்று என்ற பக்கவிளைவுகளால் பலர் மருந்தை விட்டார்கள். இத்தாலியில் ஆந்த்ரேயா டி சென்சி குழு அளவைக் குறைத்துப் பார்த்தது: 5 மில்லிகிராம், மூன்றே ஆண்டு. நடுநிலை மாற்றமோ தொடக்கப் புற்றோ இருந்த 500 பெண்களில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்குப் புற்று புதிதாகவோ மறுபடியோ வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு. 2019இல் வந்த இந்த முடிவு நம் கிராமங்களுக்கென்றே செய்ததுபோல எனக்குத் தோன்றுகிறது. விலை, பக்கவிளைவு, காலம் மூன்றும் குறைவு. கருத்தரிக்க இருப்பவர்கள் சாப்பிடக்கூடாது. ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் ஆகாது. மருத்துவரிடம் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு.

மேமோகிராம் வண்டியை ஊர் ஊராக அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. இந்தியாவில் நோய் வரும் வயது மேற்கைவிடப் பத்து ஆண்டு முன்னதாக இருக்கிறது. இளைய மார்பகத்தில் திசு அடர்த்தி அதிகம், மேமோகிராமில் பல தெரியாது. 2022இல் இந்தியாவில் புதிதாக 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், 98,000 இறப்பு என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிட்டது. கண்டுபிடிப்பதில் தாமதம் இந்த இறப்புகளுக்குப் பெரிய காரணம். இதற்கு எளிய வழியை மும்பை டாடா நினைவு மருத்துவமனை காட்டியது. 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களில் பாதிப்பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். நோய் முன்னதாகவே தெரியவந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இறப்பு ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்தது என்று 2021இல் முடிவு வந்தது. இளையவர்களில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தக் கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான முறைப்படியான பரிசோதனை முன்னோட்டமாகத் தொடங்கியது. இப்படிக் கட்டிகள் முன்னதாகத் தெரியத் தெரிய, நடுநிலை அறிக்கைகளும் கூடும். அப்போது அந்தப் பெண்களை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

நம் ஊர் ஆவணங்களில் ஒரு சிக்கல், வெளியூர் ஆய்வாளர்களுக்குத் தெரியாதது. இருபத்திரண்டு வயதில் கட்டி எடுத்தபோது பெண்ணின் பெயருக்கு முன் தகப்பனார் இனிஷியல். நாற்பது வயதில் மறுபடி வரும்போது கணவர் இனிஷியல், வேறு ஊர், வேறு ஆதார் முகவரி. பழைய சீட்டு மஞ்சள் பையில் பீரோவுக்கு மேல் இருந்து, வீடு மாறும்போது போயிருக்கும். புதிய மருத்துவர், "முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?" என்று கேட்க, "சின்னக் கட்டி ஒண்ணு எடுத்தாங்க, ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்பதோடு பேச்சு முடியும். அந்த "ஒண்ணுமில்ல" உண்மையில் என்னவென்று சொல்ல எந்தக் காகிதமும் மிஞ்சியிருக்காது.

இதே மாநிலத்தில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆர்.சி.ஹெச். எண் உண்டு. தாய்வீட்டுக்குப் போனாலும், வேறு மாவட்டத்தில் பிரசவம் ஆனாலும், அந்த எண் கூடவே போகிறது. எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழே சிக்கலாகும் என்பதால் எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மார்பகச் சதைப் பரிசோதனை செய்த ஒவ்வொருவருக்கும் அதுபோல ஓர் எண் கொடுத்து, அறிக்கையின் முடிவு, எந்தப் பக்க மார்பு, ஸ்லைடு எண், குடும்ப வரலாறு, அடுத்து வரவேண்டிய மாதம் ஆகியவற்றை அதில் ஏற்றலாம். நடுநிலை அறிக்கை உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை, வயதுக்கேற்ப மேமோகிராம் அல்லது ஸ்கேன். தவறினால் செவிலியரின் கைபேசிக்குத் தகவல். பிரசவ தேதி தவறியவரைத் தேடிப் போவதில் நம் செவிலியர்களுக்கு நிகர் கிடையாது. அதே பழக்கம் இங்கேயும் போதும்.

உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. பதினைந்து படுக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மருந்து கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர் என்று ஆள்வாரியாக, கூலி நெல்லோடு எழுதியிருக்கிறது. இன்றைய மார்பகக் கண்காணிப்பில் எனக்குத் தேவைப்படுவது அந்தத் தெளிவு: அறிக்கையைப் படித்துச் சொல்வது யார், இரண்டாவது கருத்துக்கு ஸ்லைடு அனுப்புவது யார், அடுத்த ஆண்டு கதவைத் தட்டுவது யார்.

காரப்பேட்டையிலும் செங்கல்பட்டிலும் நாஷ்வில் வேலையைச் சிறிய அளவில் இன்றே தொடங்கலாம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் "புற்றுநோய் இல்லை" என்று மூடிய மார்பகச் சதைப் பரிசோதனைகளில் ஸ்லைடும் மெழுகுக் கட்டையும் மிஞ்சியிருப்பவற்றை எடுத்து, இரண்டு நோய்க்குறியியல் மருத்துவர்கள் தனித்தனியே மறுபடி படிக்கட்டும். நூற்றில் நான்கைந்து பேருக்கு அன்று பெயரிடாமல் விட்ட மாற்றம் தெரியவரலாம். உத்திரமேரூர் ஒன்றியத்தில் அப்படி எத்தனை பேர் என்பதைக் கணக்கிட்டு, அந்தந்தத் துணை சுகாதார நிலையத்துக்குப் பட்டியல் அனுப்பட்டும். இனிஷியல் மாறியிருந்தாலும், தெரு மாறியிருந்தாலும், இன்னார் மகள் இன்னார் மருமகள் என்று சொன்னால் கண்டுபிடித்துவிடும் செவிலியர் அங்கே இருக்கிறார்.